உறைந்துபோன இன்சுலின் உருகினால் பழைய மருந்தாகுமா?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலை 20 யூனிட், இரவு 12 யூனிட் என்று 30/70 கலப்பு இன்சுலினைக் குப்பியிலிருந்து எடுத்துப் போட்டு வருகிறோம். மே மாதச் சூறைக்காற்றில் மின்கம்பம் சாய்ந்து, வேலூர் அருகே உள்ள எங்கள் ஊரில் ஏறக்குறைய 30 மணி நேரம் மின்சாரம் இல்லை. மருந்து கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில், மின்சாரம் வந்ததும் பயன்படுத்திக்கொண்டிருந்த குப்பியை ஃப்ரீசரில் வைத்தோம். காலையில் அது பனிக்கட்டியாகி இருந்தது. உருகவைத்துக் குலுக்கிப் போட்டு வருகிறோம். பிரிக்காத புதிய குப்பி ஃபிரிட்ஜின் கதவுத் தட்டிலேயே இருக்கிறது. வெறும் வயிற்றில் 140 இருந்த சர்க்கரை இந்த ஒரு வாரமாக 260-ஐத் தாண்டுகிறது. ஒரு நாள் மாலை 62-க்கு இறங்கியும் விட்டது. நாங்களாகவே காலை அளவை 26 யூனிட்டாக உயர்த்தி இருக்கிறோம். உருகிய மருந்து வேலை செய்யாதா? வெப்பத்தில் கிடந்த புதிய குப்பியையும் எறிந்துவிட வேண்டுமா?

பதில்: உறைந்த குப்பியை இனி ஒரு துளியும் பயன்படுத்தாதீர்கள். புதிய குப்பியை எறிய வேண்டாம். அதையே இன்று தொடங்கலாம். ஆனால் தொடங்கும்போது 26 யூனிட் போடக் கூடாது. வலுவிழந்த மருந்துக்கு ஈடாக உயர்த்திய அளவை வலுவுள்ள மருந்தில் போட்டால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். முன்பிருந்த 20 யூனிட்டுக்குத் திரும்புவதைத் தாயாரின் மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஒரு வார அளவுகளை, 62-க்கு இறங்கிய நாள் உட்பட, அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இதற்கிடையே தாயாருக்கு வாந்தியோ, அசாதாரணமான தூக்கமோ, ஆழ்ந்து வேகமான மூச்சோ தென்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. வெப்பம் மருந்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைகுளிர் அதைவிட விரைவாகக் கெடுக்கும் என்பதை மருந்து தரும்போது நாங்கள் அழுத்திச் சொல்வதில்லை. உங்கள் தாயார் போடும் மருந்தில் 30 பங்கு தெளிவான, விரைவில் வேலை செய்யும் இன்சுலின். மீதி 70 பங்கு புரோட்டமின் என்ற புரதத்துடன் சேர்த்து நுண்படிகங்களாக்கிய, மெல்ல வேலை செய்யும் இன்சுலின். டென்மார்க்கில் ஹாகெடார்ன் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் 1946-ல் உருவானது இந்த இரண்டாம் வகை. குப்பி வெண்மையாகக் கலங்கித் தெரிவதற்கு அந்தப் படிகங்களே காரணம். அவை ஒரே அளவாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்தால்தான் ஒவ்வொரு ஊசியிலும் ஒரே அளவு மருந்து ஏறும். நீர் உறையும்போது பனிப்படிகம் தன்னுள் வேறு எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. உப்பு, துத்தநாகம், இன்சுலின் படிகம் ஆகிய எல்லாவற்றையும் உறையாமல் எஞ்சியிருக்கும் சிறிதளவு நீருக்குள் நெருக்கித் தள்ளுகிறது. அந்த நெருக்கத்தில் படிகங்கள் ஒட்டிக்கட்டியாகின்றன. பனி உருகினாலும் அந்தக் கட்டிகள் பிரிவதில்லை. ஒரு நாள் சிரிஞ்சில் பெரும்பாலும் நீரே ஏறுகிறது, மறுநாள் ஒரு கட்டியே ஏறிவிடுகிறது. 260-க்கும் 62-க்கும் இடையே தாயாரின் சர்க்கரை அலைந்ததை இது பெருமளவு விளக்குகிறது. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கவும் கூடும்.

வெப்பத்தின் வேலை வேறு விதமானது. அது மெல்ல நடக்கிறது. சித்திரையில் இரவு ஒன்பது மணிக்கு அரைத்த இட்லி மாவு விடியுமுன் பொங்கி வழிவதையும், மார்கழியில் அதே மாவு காலை எட்டு மணிக்கும் புளிக்காமல் இருப்பதையும் உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது ஒரு தோராயமான கணக்கு. இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். குப்பிக்குள் ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஒரு கூட்டாக அமர்ந்திருக்கின்றன. அந்தக் கூட்டு கலையாத வரை மருந்து பத்திரமாக இருக்கும். வெப்பத்தில் கூட்டு பிரிந்து தனி மூலக்கூறுகள் மடிப்பு குலையும்போது, அவை நீண்ட இழைகளாகப் பின்னிக்கொள்கின்றன. வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாததைப் போல, அந்த இழைகளும் மருந்தாகத் திரும்புவதில்லை. இழை உருவாவதைக் குலுக்கலும் தூண்டுகிறது. ஆகவே குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

ஆனால் இந்தச் சிதைவுக்கு நாட்கணக்கு, வாரக்கணக்கு தேவை. கென்யாவில் உள்ள டாகஹாலி அகதிகள் முகாமின் வெப்பநிலையை அளந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. பகலிரவாக 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கிய வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலின், குளிரில் வைத்ததற்கு இணையான வலுவுடன் இருந்தது. எனவே மூடிய குளிர்பதனப் பெட்டிக்குள் 30 மணி நேரம் கிடந்த உங்கள் குப்பியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மின்சாரம் நின்ற நாளையே அது வெளியே எடுக்கப்பட்ட நாளாகக் கொண்டு, அந்தத் தேதியைச் சிட்டையில் எழுதி ஒட்டி, அதிலிருந்து நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் மருந்துடன் வந்த தாளில் வேறு கெடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இந்த ஆய்வை எந்த வெப்பத்துக்கும் அனுமதியாகக் கொள்ள வேண்டாம். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், அங்கே ஒரு பகலும் மருந்தை வைக்கக் கூடாது.

பிரிக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வரை உகந்தது. ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டிலும் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். சில பெட்டிகளில் அங்கே உறைநிலை எட்டிவிடும். கதவுத் தட்டோ நடுத்தட்டோ போதும். பனிக்கட்டியோடு நேரடியாகப் படவிடுவதும் தவறு. மீண்டும் மின்சாரம் நின்றால் மண்பானையே உங்கள் ஊருக்கு ஏற்ற வழி. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பி, நீர் புகாத டப்பாவில் மருந்தை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வேலூர்ப் பக்கத்து உலர்ந்த காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பயன் குறைவு.

இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். குளூகோமீட்டர் பட்டையில் வேலை செய்வதும் நொதி (என்சைம்) என்ற ஒரு புரதம்தான். அதன் டப்பா சமையலறை வெப்பத்தில் மூடி திறந்து கிடந்திருந்தால் நீங்கள் பார்த்த எண்களையே முழுமையாக நம்ப முடியாது. ஆகவே ஒரு முறை ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து ஒப்பிடுங்கள். அடுத்து சிரிஞ்ச்: குப்பியில் 40 யூனிட் என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான் பொருந்தும், 100 யூனிட் மருந்துக்கு உரிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் எடுத்தால் அளவு பாதிக்கும் குறைவாகிவிடும்.

புதிய குப்பியைத் தொடங்கிய முதல் மூன்று நாள், உணவுக்கு முன்பும் படுக்கும்போதும் சர்க்கரையைப் பாருங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ, போட்டவுடன் வெந்நீரில் குளிக்கவோ வேண்டாம். தோல் சூடேறினால் இரத்த ஓட்டம் கூடி மருந்து எதிர்பார்த்ததைவிட விரைவில் உடலில் சேரும். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அந்த மூன்று நாள் எண்களை ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அளவை மாற்றுவதா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.