உளுந்துக் காயை எத்தனை செடியில் எண்ண வேண்டும்?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த வயலில் அஞ்சு ஏக்கர் உளுந்து போட்டிருக்கிறோம். வியாபாரி வருவதற்குள் செடிக்குச் சராசரி எத்தனை காய் என்று தெரிய வேண்டும். மகன் வரப்போரமாகப் பத்துச் செடி எண்ணி வந்திருக்கிறான். அது போதுமா ஐயா? பத்து ஏக்கர் என்றால் இருமடங்கு எண்ண வேண்டுமா?

பதில்: பத்து போதாது. ஆனால் ஏக்கர் கணக்கை மறந்துவிடுங்கள். வயலில் லட்சக்கணக்கில் செடி நிற்கும்போது, அஞ்சு ஏக்கரானாலும் பத்து ஏக்கரானாலும் எண்ண வேண்டியது ஏறக்குறைய ஒரே அளவுதான். செடிக்குச் செடி காய் எவ்வளவு ஏறி இறங்குகிறது, எவ்வளவு பிசகினால் உங்களுக்குப் பரவாயில்லை, இந்த இரண்டும்தான் எண்ணிக்கையை முடிவு செய்யும்.

முதலில் வயல் முழுக்க நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது செடி எண்ணுங்கள். அதிகபட்சம் 40 காய், குறைந்தபட்சம் 8 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 32. அதை நாலால் வகுத்தால் 8. செடிக்குச் செடி காய் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் திட்ட விலக்கத்துக்கு இது தோராய மதிப்பு. தொடங்குவதற்கு இது போதும்.

சராசரியில் இரண்டு காய் முன்னே பின்னே இருக்கலாம் என்றால், 8-ஐ 1.96-ஆல் பெருக்கி 2-ஆல் வகுங்கள்: 7.84. அதன் வர்க்கம் 61.47. பின்னம் வந்தால் எப்போதும் மேலே ஏற்ற வேண்டும், ஆகவே 62 செடி. அந்த 1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கானது. இப்படி நூறு தடவை எண்ணினால் சுமார் 95 தடவை உண்மையான சராசரி அந்த இரண்டு காய் எல்லைக்குள் விழும்.

ஒரு காய்க்கு மேல் பிசகக் கூடாது என்றால் 246 செடி ஆகிவிடும். பிசகைப் பாதியாக்க நாலு மடங்கு வேலை! விலை பேசுவதற்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை அந்த வரப்புதான். வரப்போரச் செடிக்கு வெளிச்சமும் இடமும் தாராளம், காயும் கூடப் பிடிக்கும். அங்கேயே முந்நூறு எண்ணினாலும் சராசரி உயர்வாகத்தான் காட்டும். நல்ல செடியாகத் தேடாமல், குறுக்கே நடந்து இத்தனை அடிக்கு ஒன்று என்று காலடியில் நிற்பதை எண்ணச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கிய பள்ளம் வயலில் கால்வாசி இருந்தால், 62-இல் பதினைந்து பதினாறு செடி அங்கிருந்து வரட்டும்.

எண்ணி முடித்ததும் அந்த 62-ஐ வைத்தே திட்ட விலக்கத்தை முறையாகக் கணக்கிட்டுப் பாருங்கள், கைபேசியிலேயே போடலாம். 8-க்குப் பதில் 10 வந்தால் தேவை 97 செடி. அப்போது இன்னும் 35 எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.