பாதி விலைக்கு 1917 சவரன் கிடைக்கிறது, வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: ஆன்லைனில் ஒருவர் 1917ஆம் ஆண்டு லண்டனில் அடித்த தங்க சவரன் ஒன்றை, இன்றைய தங்க விலையில் ஏறக்குறைய பாதிக்குத் தருவதாகச் சொல்கிறார். தாத்தா காலத்துக் காசு, அவசரப் பணத்தேவை, அதனால்தான் இந்த விலை என்கிறார். அந்த வருடத்துக் காசு அரிதானது என்று நீங்களும் எங்கோ படித்திருக்கிறீர்கள். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், முன்பணமாக ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நான் பதினைந்து வருடமாகச் சவரன் காசுகள் சேர்க்கிறேன். இதே 1917ஆம் வருடக் காசில் ஒருமுறை பணத்தை விட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காசைப் பார்ப்பதற்கு முன்னால் விலையைப் பாருங்கள். தினமும் காலையில் செய்தித்தாளில் "சவரனுக்கு இவ்வளவு உயர்வு" என்று படிக்கிறோமே, அந்தச் சவரன் இந்தக் காசேதான். சாவரின் என்ற காசின் பெயர் நம் வாயில் சவரன் ஆனது. அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்றும் ஆனது. காசின் எடை 7.988 கிராம், நாம் அதை 8 கிராமாக வைத்துக்கொண்டோம். காசும் 22 கேரட், நகைக்கடை விலையும் 22 கேரட்டுக்கு. ஆக, வருடம் எதுவானாலும், உருக்கிப் போட்டால்கூட ஓர் அசல் சவரனின் மதிப்பு அன்றைய சவரன் விலையை ஒட்டித்தான் இருக்கும். கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார், அவ்வளவுதான்.

இப்போது அந்த விற்பனையாளர் சொல்லும் காரணத்தை யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே பணத்துக்கு அவசரம் என்றால், அவர் ஊர்க் கடைவீதியில் ஏதாவது ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தால் போதும். உரசிப் பார்த்து, எடை போட்டு, அன்று மாலைக்குள் கிட்டத்தட்ட முழு விலையையும் கொடுத்துவிடுவார்கள். முகம் தெரியாத உங்களுக்குப் பாதி விலைக்கு விற்க வேண்டிய அவசியம் என்ன? தங்க மதிப்புக்குக் கீழே விலை சொல்லப்படும் காசு ஒன்று தங்கமாக இருக்காது, அல்லது அவர் கையில் காசே இருக்காது, அல்லது அது திருட்டுப் பொருள். "வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது" என்று சிலர் சொல்வார்கள். அப்படிக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தக் கதை உண்மையாகவே இருந்தாலும் வாங்குகிற உங்களுக்குத்தான் வம்பு.

சரி, விலை அவ்வளவு மோசமில்லை, சவரன் விலைக்குச் சற்று மேலே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்னை ஏமாற்றியது அந்த இடம்தான்.

1917இல் லண்டன் நாணயச்சாலை சுமார் 10 லட்சம் சவரன்கள் அடித்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. அதனால் இன்று ஓர் அசல் 1917 லண்டன் சவரன் தங்க விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். அதே 1917இல் சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா நாணயச்சாலைகளும் அச்சு அசலாக இதே காசை அடித்தன. அவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது; சாதாரணமாகக் கிடைப்பவை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்துதான். குதிரை வீரன் இருக்கும் பக்கத்தில், வருடத்துக்கு நேர் மேலே குதிரைக்குக் கீழே ஒரு தரைக்கோடு ஓடும். அதன் நடுவில் சிட்னிக் காசில் எஸ், மெல்போர்னில் எம், பெர்த்தில் பி, ஒட்டாவாவில் சி என்று கடுகைவிடச் சிறிதாக ஓர் எழுத்து இருக்கும். லண்டன் காசில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

எனக்கு வந்த காசில் வெறுமையாகத்தான் இருந்தது. சவரன் விலைக்கு மேல் பத்து சதவீதம் கொடுத்து வாங்கினேன். எங்கள் தெருப் பத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உரைகல்லில் இழுத்து, திராவகம் வைத்து, "தம்பி, சுத்தமான 22 கேரட்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அதே ஆளிடம் அடுத்த காசுக்கும் பணம் அனுப்பினேன், முதலில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. அது வரவே இல்லை. சில மாதம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் வயதான சேகரிப்பாளர் ஒருவரிடம் என் 1917ஐக் காட்டினேன். அவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்து, "வருஷத்துக்கு மேலே அந்தக் கோட்டைப் பாருங்க" என்றார். கோடு முழுக்க நூறு வருடப் புழக்கத்தில் மங்கியிருந்தது. நடுவில் அரிசி முனை அளவு இடம் மட்டும் வேறு மாதிரி வழவழப்பாகப் பளபளத்தது. அங்கே கோடும் லேசாகக் குழிந்திருந்தது. எஸ் எழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பத்தர் சொன்னதில் தவறே இல்லை. நான் தங்கத்தைப் பற்றிக் கேட்டேன், அவர் தங்கத்தைப் பற்றிச் சொன்னார். காசைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. 1950களிலிருந்து பெய்ரூட் பக்கம் பட்டறைகளில் நிஜத் தங்கத்திலேயே போலிச் சவரன்களை அடித்துத் தள்ளினார்கள். 1917 லண்டன் என்று வருடம் போட்ட போலிகளும் நிறையச் சுற்றுகின்றன. இவற்றில் தங்கம் சரியாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருக்கும். அச்சில்தான் தெரியும்: எழுத்துகளின் ஓரம் கூர்மை இல்லாமல் சோப்புக் கட்டியில் அழுத்தியதுபோல இருக்கும், வெற்றுப் பரப்பில் பொடிப்பொடியாக மேடுகள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கண்ணாடியில், ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் கழுத்து முடியும் இடத்தில் உள்ள பி.எம். என்ற எழுத்தையும், வருடத்துக்கு வலப்பக்கம் ஓரமாக உள்ள பி.பி. என்ற எழுத்தையும் தேடிப் பாருங்கள். முன்னது அரசரின் உருவத்தைச் செதுக்கிய பெர்ட்ரம் மெக்கென்னல், பின்னது குதிரை வீரனைச் செதுக்கிய பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. போலிகளில் இவை வெறும் புள்ளிகளாகிவிடும். ஆனால் நன்றாகத் தேய்ந்த அசலிலும் அப்படி ஆகலாம். அதனால் பக்கத்தில் அசல் என்று உறுதியான இன்னொரு ஜார்ஜ் சவரனை வைத்து ஒப்பிட்டால்தான் கண் பழகும். பழைய காசுமாலை இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் இருக்குமே தவிர, அச்சைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

தங்கமா என்பதை மட்டும் பார்ப்பது சுலபம், வீட்டிலேயே முடியும். விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். இதே அளவில் பித்தளையில் செய்து முலாம் பூசினால் எடை நாலு கிராமைத் தாண்டாது. எடையைச் சரிக்கட்டினால் தடிமன் இரண்டு மடங்காகிவிடும். மூன்றும் ஒன்றாகச் சரியாக இருந்தால் அடுத்து தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் பாதி தண்ணீர் உள்ள கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். 22 கேரட் சவரனுக்கு 0.45 கிராம் அளவில் காட்டும். சரியான எடையுள்ள பித்தளைக் காசு என்றால் 0.9க்கு மேல் போகும், ஈயம் 0.7. டங்ஸ்டனுக்கு முலாம் பூசியிருந்தால் 0.41, 0.42 என்று நிற்கும். அதனால் காசில் நீர்க்குமிழி ஒட்டாமல், கை ஆடாமல் நாலைந்து முறை பாருங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், பித்தளையும் ஈயமும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. நகைக்கடையில் தங்கத்தின் தூய்மையைக் காட்டும் கேரட் மீட்டர் கருவி நல்லதுதான், ஆனால் அது மேல் பரப்பைத்தான் படிக்கும். தடித்த முலாமாக இருந்தால் தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் காசு கையில் இருந்தால்தானே என்பீர்கள். அதனால்தான் நேரில் சந்திக்கக் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்த நகைக்கடையில். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். பார்சல் வந்த பிறகு பணம் என்று சொன்னாலும் அது பாதுகாப்பு இல்லை. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பணத்தை வாங்கிக்கொள்வார்கள். காசுகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் நிறுவனங்களின் பெட்டியில் அடைத்த காசு என்றால், அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்கே படம் இருந்தால் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். அப்புறம், நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அது முடியாது. பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன், அதற்குள் அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை.

உங்கள் ஆளிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: காசைத் தராசில் வைத்து, எடை தெரியும்படி, பக்கத்தில் உங்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு ஒரு வீடியோ; அதிலேயே 1917க்கு மேலுள்ள தரைக்கோட்டை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். பாதி விலைக்காரர் இதை அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை. அனுப்பினால் அந்தக் கோட்டின் படத்தை இங்கே போடுங்கள். சுரண்டிய இடம் எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் காசை இன்னும் வைத்திருக்கிறேன், "சிட்னி 1917, எழுத்து நீக்கப்பட்டது" என்று உறையில் எழுதி.