பேர் தெரிகிறது, மார்க் வரவில்லை

கேள்வி: என் மகள் பிசியோதெரபி முதலாமாண்டு. பாதத்தின் 26 எலும்புகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அனாடமி ஸ்பாட்டர் தேர்வில் (மேசையில் வைத்த எலும்பைப் பார்த்துப் பதில் எழுதும் தேர்வு) பாதம் வந்தால் பாதி மார்க்கூட வருவதில்லை. ‘ஒரிஜினல் போன் செட்’, அதாவது நிஜ மனித எலும்புத் தொகுப்பு, இருந்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

ஸ்பாட்டர் மேசையில் எலும்பின் பேர் மட்டும் போதாது. வலதா இடதா, எதோடு சேர்கிறது, எந்தத் தசை ஒட்டுகிறது என்பதையும் கேட்போம். உங்கள் மகளிடம் பாதத்தின் பின்பகுதியில் 7, நடுவில் 5, விரல்களில் 14 என்ற பட்டியல்தான் இருக்கிறது. அது அவள் குற்றமில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரே எலும்புப் பெட்டி, அதையும் பூட்டிவைத்துவிட்டு, தேர்வன்று ஒரு நிமிடத்தில் மணியடித்து அடுத்த மேசைக்குத் தள்ளுகிறோம். தொட்டே பார்க்காத பிள்ளை எப்படிப் பக்கம் சொல்லும்?

கணுக்கால் மூட்டில் இருக்கும் டேலஸ் எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். தலை முன்னால், உருளைபோல் வளைந்த வழவழப்பான பரப்பு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். பெரிய முக்கோணத் தளம் வலப்பக்கம் வந்தால் வலது கால் எலும்பு. அதில் தசை எதுவும் ஒட்டாது. இதைப் பலரும் சரியாகப் படித்துவிடுகிறார்கள். ஆனால் பின்பக்கம் ஒரு பள்ளத்தைக் காட்டி அம்புக்குறி வைத்தால் தடுமாறி, ‘ஃப்ளெக்சர் ஹாலூசிஸ் லாங்கஸ் ஒட்டுமிடம்’ என்று எழுதுகிறார்கள். அந்தத் தசை கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவில் தொடங்கி, அதன் நாண் அந்தப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடி, கட்டைவிரலின் கடைசி எலும்பில் போய் முடிகிறது. ஓடுவது வேறு, ஒட்டுவது வேறு. சரி, ‘எதுவுமே ஒட்டாது’ என்று எழுதலாமா? அதுவும் தவறு. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட்கள் ஒட்டும், தசை ஒட்டாது. இந்த ஒரு வரியில் ஒவ்வொரு வருடமும் மார்க் பறிபோவதைப் பார்க்கிறேன்.

இப்போது அந்த ‘ஒரிஜினல்’ ஆசாமி. நான் பார்த்த செட்களில் வலது கால்கேனியஸும் (குதிகால் எலும்பு) அதற்கு முன்னால் சேர வேண்டிய கியூபாய்டு இடதுகாலுடையதாகவும் கலந்து கிடக்கும். கம்பி கோக்கத் துளைபோட்டு, வார்னிஷ் பூசி, தளங்களின் விளிம்பே மழுங்கியிருக்கும். அதை வைத்துப் படித்தால் பக்கத்தைத் தப்பாகவே படிப்பாள். அதைவிட முக்கியம், அது யாருடைய எலும்பு? மனித எலும்பு ஏற்றுமதியை 1985இலேயே அரசு தடைசெய்தது. உள்ளூரில் மட்டும் சீனியர், சீனியரின் நண்பர் என்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. உடல்தானம் செய்தவர் கல்லூரிக்குக் கொடுத்தார், தரகருக்குக் கொடுக்கவில்லை.

செலவில்லாத செட் அவள் காலிலேயே இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள். கணுக்காலின் உள்மேட்டிலிருந்து முன்னும் கீழுமாக விரலை நகர்த்தினால் எடுப்பாக ஒரு முடிச்சு தட்டுப்படும். அது நேவிகுலர் எலும்பு, டிபியாலிஸ் போஸ்டீரியர் தசை வந்து பிடிக்கும் இடம். பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே துருத்துவது சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள ஐந்தாம் மெட்டாடார்சல் எலும்பின் அடி. அங்கே ஒட்டுவது பெரோனியஸ் பிரெவிஸ் தசை. கட்டைவிரலை மேலே தூக்கினால் விறைத்து நிற்கும் நாணுக்கு வெளிப்பக்கம் நாடி துடிக்கும். தினம் பத்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லட்டும்.

எலும்பைக் கையில் பிடித்துப் பார்க்க, வகுப்பு முடிந்ததும் அனாடமி துறையில் கேட்கட்டும். தர மறுத்தால் துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். நீங்கள் கட்டும் கட்டணத்தில் அந்த எலும்புப் பெட்டியும் அடக்கம்.