பிரௌசருக்கு வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாம்பர்மங்கியில் ஒழுங்காக ஓடிய ஒரு ஸ்கிரிப்டை (வலைப்பக்கத்தை நம் விருப்பப்படி மாற்றும் சிறு நிரல்), கம்ப்யூட்டர் முழுவதற்குமாக நிறுவியிருக்கும் விளம்பரத் தடுப்பு மென்பொருளுக்கு மாற்றினேன். சில தளங்களில் ஓடுகிறது, சிலவற்றில் ஓடுவதே இல்லை. ஒரு தளத்தில் செய்த செட்டிங்ஸ் அடுத்த தளத்துக்குப் போனால் காணாமல் போகிறது. கோளாறு ஸ்கிரிப்டிலா, மென்பொருளிலா?

பதில்: பெரும்பாலும் ஸ்கிரிப்ட் மேல் தப்பு இருக்காது, அது ஓடும் இடம்தான் மாறியிருக்கிறது. டாம்பர்மங்கி பிரௌசருக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்டென்ஷன். பக்கத்தின் சொந்த நிரலிலிருந்து ஸ்கிரிப்டைத் தள்ளி வைத்து ஓட்ட பிரௌசரே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆட்கார்ட் போன்ற டெஸ்க்டாப் மென்பொருள் வேறு வழியில் போகிறது. வரும் பக்கத்தை நடுவழியில் பிடித்து, பிரௌசர் நம்பும்படி நிறுவிய தன் ரூட் சான்றிதழை வைத்து எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பைப் பிரித்து, பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள் உங்கள் ஸ்கிரிப்டைச் சேர்த்து, அதன் பிறகுதான் பிரௌசரிடம் கொடுக்கிறது. எந்த பிரௌசரைத் திறந்தாலும் ஒரே ஸ்கிரிப்ட் ஓடுவது இதனால்தான், குரோமின் மேனிஃபெஸ்ட் வி3 மாதிரி எக்ஸ்டென்ஷன்களுக்கான கட்டுப்பாடுகளும் இதைத் தொடாது.

உங்கள் தொல்லைகளும் அங்கிருந்தேதான் வருகின்றன. வங்கித் தளங்கள் போன்றவற்றை இந்த மென்பொருள்கள் பிரித்துப் பார்க்காமல் விலக்குப் பட்டியலில் வைப்பது வழக்கம், பிரிக்காத பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் போக வழியில்லை. சில தளங்கள் சிஎஸ்பி என்ற ஹெடரை (பக்கத்தோடு சேர்ந்து வரும் விதிக் குறிப்பு) அனுப்பி, தாங்கள் அனுமதிக்காத ஸ்கிரிப்ட் எதுவும் ஓடக்கூடாது என்று பிரௌசரிடம் சொல்லிவிடும். மென்பொருள் அந்த ஹெடரையும் சரியாகத் திருத்தவில்லை என்றால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துவிடும். செட்டிங்ஸ் விஷயத்தில் எனக்குத் தோன்றும் காரணம் இது: ஜிஎம்_செட்வேல்யூ என்ற சேமிப்புக் கட்டளை கொண்டு சேமிப்பதை எக்ஸ்டென்ஷன் தன்னிடமே வைத்துக்கொள்ளும், அதனால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக இருக்கும். டெஸ்க்டாப் மென்பொருள் அதையே பக்கத்தின் லோக்கல் ஸ்டோரேஜில் போட்டால் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகிவிடும், அந்தத் தளமே அதைப் படிக்கவும் அழிக்கவும் முடியும்.

முதலில் எச்டிடிபிஎஸ் வடிகட்டல் (மேலே சொன்ன பிரித்துப் பார்க்கும் வேலை) அந்தத் தளத்துக்கு இயங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் பிரௌசரின் கன்சோலை (பிழைச் செய்திகள் வரும் பலகை) திறந்து சிஎஸ்பி பிழை ஏதாவது சிவப்பில் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு ஒரு கோரிக்கை எழுதலாம் என்றிருக்கிறேன். எதை முதலில் சரிசெய்யச் சொல்ல வேண்டும்?

பதில்: பிழைப் பதிவு. எந்தப் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட் செருகப்பட்டது, எது செருகப்படவில்லை, ஏன் என்பதை மென்பொருளின் ஜன்னலிலேயே காட்ட வேண்டும். புதிய வசதிகளைக் கேட்பவர்கள்தான் அதிகம், ஆனால் என்ன நடந்தது என்றே தெரியாத இடத்தில் எத்தனை வசதி வந்தாலும் சாதாரணப் பயனருக்கு உதவாது, ஸ்கிரிப்ட் எழுதியவருக்கும் தன் பிழையைக் கண்டுபிடிக்க வழி கிடையாது.

அதற்கடுத்து அனுமதிகள். ஜிஎம்_எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற வசதி ஸ்கிரிப்டை வேறு எந்தத் தளத்தோடும் பேச விடுகிறது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் உள்ள தகவல் பகுதியில், எந்தத் தளங்களோடு பேசலாம் என்று சொல்லும் கனெக்ட் வரி இருந்தால் அதில் உள்ள தளங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பட்டியலில் இல்லாத தளத்தைக் கூப்பிட்டால் பயனரைக் கேட்க வேண்டும். பக்கத்தின் நிரலோடு சேர்ந்தே ஸ்கிரிப்ட் ஓடுகிற சூழலில், அந்தப் பக்கம் இந்தக் கதவைக் களவாடிப் பயன்படுத்தாதபடி அடைப்பது மென்பொருளின் பொறுப்பு, இதில் சமரசமே கூடாது.

இன்னொன்று, பழைய ஸ்கிரிப்டுகள். 2005-ல் ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்த கிரீஸ்மங்கி என்ற எக்ஸ்டென்ஷன்தான் இப்படி ஸ்கிரிப்ட் எழுதும் முறையைப் பரப்பியது. 2017-ல் அதன் 4-ம் பதிப்பு, மதிப்பை உடனே திருப்பித் தரும் பழைய முறையை விட்டு, பிராமிஸ் (மதிப்பு பிறகு வரும் என்ற உறுதி) தரும் முறைக்கு மாறியது. இன்றைக்கு இரண்டு வகை ஸ்கிரிப்டுகளும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஆதரித்தால்தான் அதை முழு ஆதரவு என்று ஏற்க முடியும். மென்பொருளுக்குள்ளேயே திருத்த ஒரு எடிட்டரும், தளவாரியாக அணைக்க ஒரு சுவிட்சும் இருந்தால் நல்லது, ஆனால் இவை மேலே சொன்னவற்றுக்குப் பிறகுதான்.

கேள்வி: பாதுகாப்புக்காக ஒரே ஸ்கிரிப்டை டாம்பர்மங்கியிலும் டெஸ்க்டாப் மென்பொருளிலும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே பக்கத்தில் இரண்டு தடவை ஓடும். பட்டன் சேர்க்கும் ஸ்கிரிப்ட் இரண்டு பட்டன் சேர்க்கும், ஆன்/ஆஃப் மாற்றும் ஸ்கிரிப்ட் மாற்றியதையே திரும்ப மாற்றிவிடும். எல்லா பிரௌசரிலும் தேவைப்படுவதை டெஸ்க்டாப்பில் வையுங்கள், மெனுவும் செட்டிங்ஸும் அதிகம் உள்ளதை டாம்பர்மங்கியிலேயே விட்டுவிடுங்கள்.