மறுமொழி: ஸ்காட்லாந்தினரை எப்படிக் குறிப்பிடுவது?

வணக்கம். உங்கள் கட்டுரையில் வரும் 'ஸ்காட்ச் மக்கள்' என்பதை 'ஸ்காட்டியர்' அல்லது 'ஸ்காட்லாந்தினர்' என்று மாற்றிவிடுங்கள். 'ஸ்காட்ச்' என்பது 'ஸ்காட்டிஷ்' என்பதன் சுருங்கிய வடிவம்தான். ராபர்ட் பர்ன்ஸ் போன்ற ஸ்காட்டியக் கவிஞர்களே அதைத் தயக்கமின்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்நாட்டவர் அதைப் படிப்படியாகக் கைவிட்டதால், இன்று அது விஸ்கி, முட்டைப் பண்டம், சூப் ஆகியவற்றின் பெயர்களோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. மனிதர்களைக் குறித்தால் பலர் முகம் சுளிப்பார்கள். 'ஸ்காட்ஸ்' என்பது மக்களை மட்டுமன்றி, ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுள்ள ஒரு மொழியையும் குறிக்கும் என்பதால், அச்சொல் வரும் இடங்களைக் கவனமாகப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும்.

அயர்லாந்தில் பிறந்த மெய்யியலாளர் எரியுஜெனாவுக்கு 'ஸ்கோட்டஸ்' என்ற அடைமொழி எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அது அச்சுப்பிழையன்று. பிற்கால ரோமானிய எழுத்தாளர்கள் 'ஸ்கோட்டி' ('ஸ்கோட்டஸ்' என்பதன் பன்மை) என்றது அயர்லாந்தின் கேலிக் மொழியினரைத்தான். அவர்களின் டால் ரியாட்டா அரசு வடகிழக்கு அயர்லாந்திலும் கடலுக்கு அப்பால் மேற்கு ஸ்காட்லாந்தின் ஆர்கைலிலும் பரவியிருந்தது. பின்னர் கேலிக் மொழியினரும் வடபிரிட்டனின் பழங்குடியினரான பிக்ட் இனத்தவரும் ஒரே அரசின்கீழ் வந்தபின், அப்பெயர் மெல்ல வடபிரிட்டனுக்கு உரியதாயிற்று. ஆகவே 9ஆம் நூற்றாண்டின் எரியுஜெனா அயர்லாந்துக்காரர். 1308இல் மறைந்த மெய்யியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் ஸ்காட்லாந்துக்காரர். 'ஸ்கோட்டி' என்ற சொல்லின் வேரைப் பற்றி அறிஞரிடையே உடன்பாடு இல்லாததால், இணையத்தில் உலவும் விளக்கங்களைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள். கேலிக் மொழியில் ஸ்காட்லாந்தின் பெயர் 'அலபா', அதன் மக்கள் 'அலபனாக்'. 'ஸ்கோட்டி' அவர்களுக்குப் பிறர் இட்ட பெயரே.