கேள்வி – பதில்: அரிதாக நடப்பதை ஆங்கிலத்தில் சொல்வது

கேள்வி: ரெயார்லி, செல்டம், ஹார்ட்லி எவர், ஒகேஷனலி எல்லாம் ஒன்றா? கட்டுரையில் எதை எழுதலாம்?
– சாதாரண தர மாணவி, தலவாக்கலை

பதில்: முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான், மகளே. செல்டம் எழுத்துக்கு, ஹார்ட்லி எவர் பேச்சுக்கு, ரெயார்லி இரண்டுக்கும் பொருந்தும். ஒகேஷனலி வேறு, இடையிடையே நடக்கிறது என்பதையே அது சொல்லும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதற்கு அது சரி.

அதிகம் மதிப்பெண் போவது இங்கேதான்: முதல் மூன்றிலும் எதிர்மறை ஏற்கெனவே இருக்கிறது. ‘அவ்வளவாக வரமாட்டார்’ என்று தமிழில் நினைத்து ‘ஹீ டஸின்ட் ரெயார்லி கம்’ என எழுதினால் பொருள் புரண்டுவிடும். ‘ஹீ ரெயார்லி கம்ஸ்’ போதும்.

இடம்: பிரதான வினைக்கு முன், ஆனால் இஸ், ஆர், வொஸ் வந்தால் அவற்றுக்குப் பின். ‘த பஸ் இஸ் ரெயார்லி லேட்.’ வாக்கியத்தைச் செல்டத்தில் தொடங்கினால் துணைவினை முன்னே வரவேண்டும்: ‘செல்டம் டஸ் த பஸ் கம் ஏர்லி.’ ‘கம்ஸ்’ அல்ல. அந்த எஸ் ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது. பழகும்வரை இந்த அமைப்பைத் தவிர்ப்பதே நல்லது.

‘ஹார்ட்லி எவர்’ என்பதில் ‘எவர்’ என்ற சொல்லை விட்டு ‘ஹீ ஹார்ட்லி வேர்க்ஸ்’ என்றால், ஏறக்குறைய வேலையே செய்வதில்லை என்றாகும். கடினமாக உழைப்பவருக்கு ‘வேர்க்ஸ் ஹார்ட்’ என்று எழுதுங்கள்.