கேட் தேர்வுக்கு ஒரு மாதம்: மீதிப் பாடமா, மாக் டெஸ்ட்டா?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பிப்ரவரியில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதுகிறேன். ஹீட் டிரான்ஸ்ஃபர், வைப்ரேஷன், இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் மூன்றையும் இன்னும் தொடவே இல்லை. இருக்கிற ஒரு மாதத்தில் இவற்றைப் படிப்பதா, மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதுவதா?

பதில்: இரண்டும்தான், ஆனால் புதுப் பாடத்துக்கு முதல் பத்து நாள் மட்டும். அதற்குமேல் தொட்டால் ஏற்கெனவே படித்தது கையை விட்டுப் போகும்.

இண்டஸ்ட்ரியலில் ஆரம்பியுங்கள். இன்வென்டரி, லீனியர் புரோகிராமிங், பெர்ட், க்யூயிங் எல்லாம் வேறு பாடத்தின் துணை இல்லாமலே புரியும், சூத்திரம் தெரிந்தால் கணக்கு வந்துவிடும். வைப்ரேஷனில் சிலபஸே சிங்கிள் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் வரைதான், இரண்டு நாள் போதும். ஹீட் டிரான்ஸ்ஃபரில் கண்டக்‌ஷனும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் பாருங்கள், ரேடியேஷனை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

சரி, இதையெல்லாம் விடப் பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். 100 மதிப்பெண்ணில் ஜெனரல் ஆப்டிட்யூடுக்கு 15, இன்ஜினியரிங் மேத்ஸுக்கு 13 என்று 28 மதிப்பெண் கோர் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. "ஆப்டிட்யூட்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்பவர்கள்தான் அதிகம். தினமும் ஒரு மணி நேரம் இந்த இரண்டுக்கும், பழைய கேள்வித்தாளை வைத்தே.

பத்து நாளுக்கு அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் முழு டெஸ்ட், 65 கேள்வி, மூன்று மணி நேரம். ஹால் டிக்கெட்டில் காலையா மதியமா என்று இருக்கும், அதே நேரத்தில் உட்காருங்கள். சொந்த கால்குலேட்டரைத் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்ட வேண்டும். பழகாத கைக்கு அது மகா எரிச்சல், அதனால் வீட்டுக் கால்குலேட்டரை இன்றே பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

டெஸ்ட் எழுதாத நாள் முழுக்க முந்தைய நாள் தவறுகளுக்கு. தெரியாமல் விட்டதா, தெரிந்தும் கணக்கில் சறுக்கியதா, கேள்வியைச் சரியாகப் படிக்காததா என்று பிரித்து எழுதுங்கள். முதல் வகைக்கு மட்டும்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து நொந்துவிட்டு நேராக அடுத்த டெஸ்ட்டுக்குத் தாவுவதில் பிரயோஜனமே இல்லை.

நெகட்டிவ் மார்க் பற்றியும் தெளிவாக இருங்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தவறினால் அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து ஒதுக்க முடிந்தாலே கணக்கு உங்கள் பக்கம் சாயும். எண்ணை நிரப்பும் கேள்விக்கும், பல விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விக்கும் நெகட்டிவ் கிடையாது, அதனால் அவற்றைக் காலியாக விடவே கூடாது. பல விடைக் கேள்வியில் பாதி சரி என்றால் பாதி மதிப்பெண் தரமாட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசி மூன்று நாள் மாக் டெஸ்ட் வேண்டாம். சூத்திர நோட்டும் நீங்கள் எழுதிவைத்த தவறுகளும் போதும். ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, ஒரிஜினல் அடையாள அட்டையோடு முன்கூட்டியே பைக்குள் வைத்துவிடுங்கள்.